ஆட்டுக்கால் சூப்பிலிருந்து ஆரம்பியுங்கள்: புரத ஆராய்ச்சியைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் ஊராரிடமும் கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

புரத ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா ஒரு நாளைக்கு எத்தனை முட்டை சாப்பிடணும்?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. தமிழில் 'புரதம்' என்றாலே அது சத்துணவு அட்டவணையில் இருக்கிற ஒரு வரி, பயறு, முட்டை, ஜிம் பவுடர். நமக்கோ அது கயிறு, கத்தரி, கதவு, பம்பு, உடம்புக்குள் வேலை செய்கிற பொருள். ஆராய்ச்சியாளர் பேசும் புரதமும் கேட்பவர் மனதில் இருக்கும் புரதமும் வேறு வேறு என்பது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது. அதுவரை பள்ளிகளுக்குப் போய் என் ஸ்லைடுகளைக் காட்டிவிட்டு, பிள்ளைகள் மரியாதையாகக் கைதட்ட, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்கிற முறையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஆய்வு மாணவர், பேராசிரியர், ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், யார் வேண்டுமானாலும் அப்படியே எடுத்துச் செய்யலாம். ஒரே ஒரு புரதத்தை வைத்துத்தான் முழுவதையும் விளக்கப் போகிறேன், ஏனென்றால் முதல் படியே அதுதான்.

முதலில், ஒரே ஒரு புரதம்

நீங்கள் ஆராயும் புரதத்தை எடுக்காதீர்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு உங்கள் பாக்டீரியா நொதியின் பெயரை உச்சரிக்கவே ஐந்து நிமிடம் போய்விடும். கேட்பவர் கையால் தொட்ட, வாயில் வைத்த ஒன்றை எடுங்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபின், பாலின் கேசின், சர்க்கரை நோயாளி வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின், எல்லாமே நல்ல தேர்வுதான். நான் எடுப்பது கொலாஜன்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதடு ஒன்றோடொன்று ஒட்டுமே, அந்தப் பசைதான் என் முதல் வாக்கியம். மீந்த சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் ஜெல்லி மாதிரி ஆடும். காலில் இருக்கும் தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றிலும் கயிறு போல முறுக்கிக் கிடக்கும் கொலாஜன், மணிக்கணக்கில் கொதிக்கும்போது பிரிந்து தண்ணீரில் கரைகிறது. பிரிந்ததற்குப் பெயர் ஜெலட்டின். நம் உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு மேல் இதுதான், அதாவது உடம்பைத் தாங்கிப் பிடித்திருக்கிற கயிறு. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள், அதனால் சூப்போடு நிறுத்தாமல், செருப்புத் தோலும் இதேதான், உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள் அதிலும் ஒரு வகை இருக்கிறது என்று சேர்த்துச் சொல்வேன்.

இரண்டாவது, ஸ்லைடுக்கு முன்னால் சோதனை

தேவை: ஜெலட்டின் தூள் 10 கிராம், 200 மில்லி தண்ணீர், புது அன்னாசிப் பழம் ஒன்று, கடல்பாசி (அகர் அகர்) ஒரு பாக்கெட், கண்ணாடி டம்ளர் நான்கு, ஐஸ் போட்ட பெட்டி. ஐஸ் பெட்டியை விட்டுவிடாதீர்கள், ஜெலட்டின் 30 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், சித்திரை மாதத்து வகுப்பறையில் அது உறையவே உறையாது.

காலையில் பிரேயர் முடிந்ததும் இரண்டு மாணவர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு ஜெலட்டினைச் சுடுதண்ணீரில் கரையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும், அவசரப்பட்டுச் சூட்டோடு கலந்தால் அன்னாசியின் நொதி கெட்டு, சோதனையும் கெடும். பிறகு மூன்று டம்ளரில் சமமாக ஊற்றி, முதலாவதில் வெறும் தண்ணீர் இரண்டு ஸ்பூன், இரண்டாவதில் புது அன்னாசிச் சாறு இரண்டு ஸ்பூன், மூன்றாவதில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றிய அன்னாசிச் சாறு இரண்டு ஸ்பூன். நான்காவது டம்ளரில் ஜெலட்டினுக்குப் பதில் காய்ச்சிய கடல்பாசி, உறைவதற்குள் புது அன்னாசிச் சாறு. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, எது உறையும் எது உறையாது என்று ஒவ்வொரு பிள்ளையையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த எழுதுகிற வேலையைத் தவிர்க்க வேண்டாம். எழுதியவர்கள்தான் மதியம் பெட்டியைத் திறக்கும்போது எழுந்து நிற்பார்கள்.

மதியம் திறந்தால், புது அன்னாசி ஊற்றிய ஜெலட்டின் மட்டும் தண்ணீராகவே கிடக்கும். அன்னாசியிலுள்ள புரோமிலைன் என்ற நொதி (அதுவும் ஒரு புரதம்தான்), ஜெலட்டின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது. கொதிக்க வைத்த சாற்றில் அந்த நொதியின் வடிவம் குலைந்து போனதால் வெட்ட முடியவில்லை. வடிவம் போனால் வேலை போச்சு, புரத அறிவியலில் பாதி இதுதான், பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அது ஏன் என்று கேட்டால் இப்போது அவர்களே பதில் சொல்வார்கள்.

கடல்பாசி டம்ளர் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை ஜெலட்டின் என்று கேட்டு வாங்கியதில் கைக்கு வந்தது கடல்பாசி, நானும் பார்க்கவில்லை. எல்லா டம்ளரும் கெட்டியாக உறைந்து நின்றன. எனக்கு வியர்த்துவிட்டது. அப்போது முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண், "அப்போ அன்னாசியால இதை வெட்ட முடியலையா மிஸ்?" என்றாள். கடல்பாசி புரதமே இல்லை, கடலில் வளரும் பாசியிலிருந்து எடுக்கும் ஒரு வகை கார்போஹைட்ரேட், புரதத்தை வெட்டும் நொதிக்கு அதில் வேலையில்லை. அவள் கேட்ட கேள்வியால்தான் நொதி ஆளைப் பார்த்துத்தான் வெட்டும் என்ற விஷயம் அந்த வகுப்புக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நான்காவது டம்ளர் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

இரண்டு எச்சரிக்கை. ஜெலட்டின் மாடு, பன்றி, மீன் இவற்றின் தோல், எலும்பிலிருந்து வருவது, அதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தொட விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். சோதனைக்கு வைத்த எதையும் யாரும் சாப்பிடக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

மூன்றாவது, மணிக் கயிறு

கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு. பிள்ளைகள் உடனே சடைப் பின்னல் என்பார்கள், அதை அங்கேயே திருத்துங்கள்: பின்னலில் இழை மேலும் கீழும் மாறி மாறிப் போகும், இது பின்னல் இல்லை, கயிறு திரிப்பது போல. கயிறு திரிக்கிற ஊராக இருந்தால் நீங்கள் பேசவே வேண்டாம், பிள்ளைகளே செய்து காட்டுவார்கள். புரியை ஒரு பக்கம் முறுக்கி, மூன்று புரியையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அப்படித்தான், ஒவ்வொரு இழையும் இடப்பக்கச் சுருள், மூன்றும் சேர்ந்தால் வலப்பக்கச் சுருள். இதைக் கேட்டதும் ஒரு பையன் "எங்க தாத்தாவுக்கு இது தெரியும் மிஸ்" என்றான், ஆமாம், தெரியும்தான்.

அடுத்து மணி. ஃபேன்சி ஸ்டோரில் 8 மில்லிமீட்டர் மணியும் 3 மில்லிமீட்டர் மணியும் வாங்கி, பெரிசு பெரிசு சின்னது, பெரிசு பெரிசு சின்னது என்று முப்பது மணி கோத்த சரம் மூன்று செய்யுங்கள். ஒவ்வொரு சரத்தையும் அடுத்ததைவிட ஒரு மணி தள்ளிப் பிடித்து, சின்ன மணிகள் நடுவே வரும்படி முறுக்கினால் இறுக்கமாக உட்காரும். ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம், அதாவது புரத இழையில் கோத்திருக்கிற ஒரு துண்டு. சின்ன மணிதான் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே சிறியது, கயிற்றின் நடு மையத்தில் அதற்கு மட்டும்தான் இடமிருக்கிறது. அதனால்தான் நிஜக் கொலாஜன் இழையில் ஆயிரம் அமினோ அமிலம் நீளத்துக்கும் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருகிறது.

இப்போது ஒரு சரத்தில் ஒரே ஒரு சின்ன மணிக்குப் பதில் பெரிய மணி கோத்து மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். மனிதரில் இப்படி ஒரு கிளைசின் மாறினால் எலும்பு லேசான அடிக்கே உடையும் பிறவி நோய் வரலாம். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். வகுப்பிலோ யாராவது ஒருவர் வீட்டிலோ அந்த நோய் இருக்கலாம். ஹீமோகுளோபினை எடுத்துக்கொண்டு அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், குறிப்பாக நீலகிரியில், 1952-இல் இந்தியாவில் முதன்முதலில் அந்த நோய் கண்டறியப்பட்டதே அங்கேயுள்ள பழங்குடி மக்களிடம்தான். யாரையும் கைதூக்கச் சொல்லாதீர்கள், யாருடைய குடும்பத்தையும் உதாரணம் காட்டாதீர்கள்.

நான்காவது, "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என்னைப் பொறுத்தவரை முழு நிகழ்ச்சியின் உயிரே இந்தப் படிதான். கண்ணுக்கும், சாதாரண மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத ஒன்றை மூன்று இழை, இடப்பக்கச் சுருள் என்று நாம் அடித்துச் சொல்கிறோம். பிள்ளைகள் அதை நம்பக் கூடாது, கேட்க வேண்டும். அவர்கள் கேட்கவில்லையென்றால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

அறையை இருட்டாக்கி, பால் பேனாவின் ஸ்பிரிங்கை ஒரு கிளிப்பில் மாட்டி, லேசர் ஒளியை அதன் வழியே ஐந்தாறு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விழ வையுங்கள். சுவரில் பெருக்கல் குறி மாதிரி ஒரு வடிவம் விழும். ஸ்பிரிங்கைப் பார்க்காதவர்கூட அந்தக் குறியை வைத்தே அங்கே ஒரு சுருள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எக்ஸ் கதிரைப் புரதத்தின் மீது விட்டு, விழுகிற புள்ளிகளிலிருந்து வடிவத்தைக் கணக்குப் போடுவது இந்த வேலைதான், அளவுதான் பல லட்சம் மடங்கு சிறியது. லேசரைப் பெரியவர் மட்டுமே பிடிக்க வேண்டும், ஸ்பிரிங் வழியே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

சுவரில் அந்தக் குறி இருக்கும்போதே கதையைச் சொல்லுங்கள். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது. கொலாஜனின் அமைப்பு யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. உடன் ஆராய்ந்த கோபிநாத் கர்த்தாவும் அவரும் கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார்கள். கங்காரு என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1954-இல் மூன்று இழை என்ற யோசனையும், 1955-இல் அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றிய சுருள் என்ற திருத்தமும் 'நேச்சர்' இதழில் சென்னையிலிருந்து வெளிவந்தன.

பலரும் இங்கேயே பெருமையோடு நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தாதீர்கள். அதே 1955-இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் சற்றே மாறுபட்ட மாதிரி ஒன்றைத் தந்தார்கள். இழையை இழையோடு பிடித்து வைக்கும் மெல்லிய பிணைப்புக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர், மூன்று அமினோ அமிலத்துக்கு அது இரண்டு என்றது சென்னை மாதிரி, ஒன்றுதான் என்றது அவர்களுடையது. சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்ற விமர்சனமும் வந்தது. பின்னால் வந்த துல்லியமான அளவீடுகள் ஒரே பிணைப்பு என்பதையே உறுதி செய்தன. மூன்று இழைச் சுருள் என்ற அடிப்படை நின்றது, ஒரு பகுதி திருந்தியது. ராமச்சந்திரன் அந்த விமர்சனத்தை அப்படியே விட்டுவிடவில்லை, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று பார்க்க, அமைப்பு ஏற்கெனவே தெரிந்த படிகங்களையெல்லாம் அலசினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரத இழை எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று ஒரு வரைபடமாக 1963-இல் வெளியிட்டார். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம், இன்றைக்கும் உலகில் எங்கே புதிய புரத அமைப்பு வந்தாலும் அதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

கோணம் என்றால் என்னவென்று காட்ட எல்லோரையும் எழுப்பி, முழங்கையைப் பின்பக்கமாக மடக்கச் சொல்வேன். மடங்காது. வலது கையால் முதுகின் நடுவைத் தொடச் சொல்வேன், சிலருக்கு எட்டும் சிலருக்கு எட்டாது. உடம்பே வழியை மறிக்கிறது, அணுவும் அணுவை மறிக்கிறது, மறிக்காத இடங்களின் வரைபடம்தான் அவர் போட்டது. இதற்கு மேல் கணக்கு வேண்டியதில்லை.

ஐந்தாவது, இப்போது திரை

கண்டறிந்த புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியமான புரதத் தரவு வங்கி, சுருக்கமாக பிடிபி (PDB), 1971-இல் வெறும் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது, இன்றைக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம், பிரவுசரிலேயே மோல்ஸ்டார் என்ற கருவியில் சுழற்றலாம். 1சிஏஜி (1CAG) என்ற குறியீட்டைத் தேடுங்கள். 1994-இல் வெளியான, கொலாஜன் போலவே செய்த ஒரு சிறு துண்டு அது, இழைக்கு முப்பது அமினோ அமிலம், நடுவில் வேண்டுமென்றே ஒரு கிளைசினுக்குப் பதில் அதைவிடச் சற்றுப் பெரிய அலனின் வைத்திருக்கிறார்கள். உங்கள் மணிக் கயிற்றில் புடைத்த இடம் நினைவிருக்கிறதா? அதே இடத்தை நிஜ அணுக்களில் காட்டலாம், அங்கே முறுக்கு கொஞ்சம் தளர்ந்திருக்கும். மணிக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளைகள் திரையைப் பார்க்கட்டும்.

அப்புறம் ஆல்ஃபாஃபோல்ட், அமினோ அமில வரிசையை வைத்துப் புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டர் கருவி. 2024-இல் வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் மூவருக்கும் போனதால் பத்தாம் வகுப்பிலேயே சிலருக்குப் பெயர் தெரிந்திருக்கிறது, "இனிமே கம்ப்யூட்டரே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுமா?" என்பார்கள். 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் அந்தத் தளத்தில் இருப்பது உண்மை. ஆனால் நிறத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள்: அடர்நீலம் என்றால் கருவிக்கு மிகுந்த நம்பிக்கை, மஞ்சள், ஆரஞ்சு என்றால் நம்பிக்கை குறைவு. மனிதக் கொலாஜன் இழை ஒன்றை அங்கே தேடிப் பாருங்கள், நீண்ட பகுதி நம்பிக்கை குறைந்த நிறத்தில் அலைந்து கிடக்கும். ஏன் என்று கேட்டால் மணி கோத்த பிள்ளை பதில் சொல்லிவிடும்: மூன்று இழை சேர்ந்தால்தானே கயிறு, அங்கே ஒற்றை இழையைத்தானே கொடுத்திருக்கிறார்கள்!

பள்ளியில் இணையம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சுழலும் காட்சியை வீடியோவாகப் பதிவு செய்து பென் டிரைவில் எடுத்துப் போங்கள். கரண்ட் போனால் அச்சடித்த இரண்டு பெரிய படம் போதும். பிடிபியின் கல்வித் தளத்தில் வெட்டி ஒட்டும் காகித மாதிரிகளும், 2000 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு மூலக்கூறு என்று வரும் கட்டுரைகளும் இலவசமாகக் கிடைக்கும்.

சொற்கள்

தமிழ் வழிப் பிள்ளைகளிடம் பாடப்புத்தகச் சொல்லை முதலில் சொல்லுங்கள், நொதி என்று சொல்லிவிட்டு என்சைம் என்பதைத் தொடர்ந்து சொன்னால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வரிசையை மாற்றினால் நொதி மறந்துபோகும். ஒரு வகுப்பில் ஐந்து புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்து அழிக்காமல் விடுங்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது

நூலகத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ பேசினால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "கொலாஜன் பவுடர் குடிச்சா முகச் சுருக்கம் போகுமா?" இதை அலட்சியப்படுத்த வேண்டாம், மாதச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்து அதை வாங்கும் ஒருவர் உங்களை நம்பிக் கேட்கிறார். நான் சொல்வது இதுதான்: குடித்த கொலாஜன் அப்படியே முகத்துக்குப் போய் உட்காராது, வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் வெட்டிவிடும், அன்னாசி டம்ளரில் பார்த்தீர்களே அதைப்போல. பலன் இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது விற்கும் நிறுவனங்களே, அதனால் என் காசை நான் அதில் போட மாட்டேன். உடம்பு தானே கொலாஜன் செய்ய வைட்டமின் சி கட்டாயம் வேண்டும், அது இல்லாமல்தான் அந்தக் காலத்தில் மாலுமிகளுக்கு ஈறில் ரத்தம் வழிந்தது. ஒரு நெல்லிக்காய் போதும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் புரதப் பவுடர் எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உங்கள் சொந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கடைசியில் ஐந்து நிமிடம் பேசலாம், தாராளமாக. வெளியிடாத முடிவு என்றால் வழிகாட்டியிடமும் உடன் உழைத்தவர்களிடமும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். "புற்றுநோய்க்கு மருந்து" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள், ஒரு பரிசோதனைக் குழாயில் நடந்ததற்கும் மருந்துக் கடைக்கும் நடுவே எத்தனை வருடம் என்று நமக்குத் தெரியும், நோயாளி வீட்டாருக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது விட்டுவிட்டு வர வேண்டியது

இரண்டு பொருள். ஒன்று, பதில் சொல்ல முடியாத கேள்விகளை எழுதிய சார்ட், அதன் நகலை நீங்கள் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் ஆசிரியருக்குப் பதில் அனுப்புங்கள்.

இன்னொன்று, கழுவிச் சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு போட்ட வினிகர் பாட்டில். மூடியில் தேதி எழுதி ஆய்வகத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை வினிகரை மாற்றச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் கால்சியம் கரைந்து போய்க் கொலாஜன் மட்டும் மிஞ்சும், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். போன மாதம் போன பள்ளியிலிருந்து ஒன்பதாம் நாள் ஒரு படம் வந்தது, எலும்பை வில்லாக வளைத்து இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்திருக்கிறது ஒரு பிள்ளையின் கை. கீழே ஆசிரியர் எழுதியிருந்தார்: "மீன் செதிலை ஊற வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். இன்று மூன்று பேர் கொண்டு வந்துவிட்டார்கள்."